அறுநூறு ரூபாய் சிப், பதினெட்டு வயசு சான்ட்ரோ

மைத்துனனுடைய சான்ட்ரோ ஜிங் 2007-ஆம் ஆண்டு வண்டி. 1086 சிசி, நாலு சிலிண்டர், புதுசில் காகிதக் கணக்குப்படி 63 குதிரைத்திறன். இருங்காட்டுக்கோட்டையில் செய்து, திண்டுக்கல்லில் பதிவாகி, 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி இன்னும் ஐந்து வருடம் ஆயுள் வாங்கியது. ஏசி போட்டால் மேட்டில் இழுப்பதில்லை, மைலேஜும் விழுந்துவிட்டது என்பது அவன் புகார். அதற்கு மருந்தாக ஆன்லைனில் இரண்டு சாமான் வாங்கி வைத்திருந்தான். ஒன்று, ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுவதற்காக இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிவப்புப் பெட்டி. அட்டையில் ‘35% கூடுதல் பவர்’ என்று போட்டிருந்தது. மற்றது, இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு ட்யூப். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் ஒயரில் கோக்க வேண்டுமாம். முதலாவது அறுநூறு ரூபாய், இரண்டாவது அதில் பாதி.

“மாமா, நீங்கதான் சால்டரிங் எல்லாம் பண்ணுவீங்களே, மாட்டிக் குடுத்துருங்க.”

“மாட்டுறேன் மாப்ளே. ஆனா முதல்ல பிரிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன்.”

“பிரிச்சா வாரண்டி போயிருமே?”

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வாரண்டி பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிப் போட்டு பவர் ஏற்றுவது என்பதே பொய் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த வண்டிகளில் இசியுவை, அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே சாக்கெட்டில் ஈப்ராம் என்ற ஒரு மெமரி சிப் உட்கார்ந்திருக்கும். எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி ஸ்பார்க் அட்வான்ஸ் என்ற அட்டவணை முழுக்க அதில்தான். 27சி256 என்ற வகை ஈப்ராமில் மொத்தம் 32 கிலோபைட். அதற்குள் ஒரு எஞ்சினின் நடத்தையை அடக்கிவிடுவார்கள். அதைப் பிடுங்கிவிட்டு வேறு அட்டவணை எழுதிய சிப்பைச் செருகினால், டர்போ வண்டி நிஜமாகவே வேறு வண்டி ஆகிவிடும். டர்போ காற்றை அழுத்தும் பூஸ்ட் அளவையே கூட்டலாம். அதாவது உள்ளே போகிற காற்றே கூடும். பின்னால் ஃபிளாஷ் மெமரி வந்ததும் சிப்பைப் பிடுங்கும் வேலை போய், கேபிள் வழியாக எழுதும் வேலை வந்தது. இன்றைக்கு ரீமேப் என்பது அதுதான். சிவப்புப் பெட்டிக்காரன் விற்பது அந்தப் பழைய பெயரில் ஒட்டியிருக்கிற நல்ல பெயரை மட்டும்.

சிவப்புப் பெட்டியின் மூடி நகத்தால் நெம்பியதுமே வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்ன போர்டு. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ஒரு ரெகுலேட்டர், எண்ணை உரசி அழித்திருந்த ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு பட்டன், மூன்று எல்இடி, சில கெப்பாசிட்டர். அவ்வளவுதான். நான் தேடிய ஒரு பொருள் மட்டும் இல்லை. வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை ஒயருக்குக் கேன் பஸ் என்று பெயர். அதில் பேச வேண்டும் என்றால் நடுவில் டிரான்ஸ்சீவர் என்று ஓர் ஐசி வேண்டும். கேன் லைன் இரண்டும் சும்மா இருக்கும்போது 2.5 வோல்ட்டில் நிற்கும். செய்தி ஓடும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மைக்ரோகண்ட்ரோலருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அந்த ஐசியின் வேலை. அது இல்லாமல் இந்தப் பெட்டிக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது.

சிலர் டிரான்ஸ்சீவர் மைக்ரோகண்ட்ரோலருக்கு உள்ளேயே இருக்கலாம் என்று வாதாடுவார்கள். 2017-இல் பிரான்ஸைச் சேர்ந்த குவார்க்ஸ்லேப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் இதே ரகப் பெட்டி ஒன்றை எடுத்து இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டார்கள். பெட்டியைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் கேன் பஸ்ஸில் ஓடிய செய்திகளைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். புதிதாக ஒரு செய்திகூட வரவில்லை. அதோடும் விடாமல் சிப்பின் மேலோட்டைக் கரைத்து, உள்ளே இருக்கும் சிலிக்கானை ஒரு நிஜ டிரான்ஸ்சீவரோடு வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் இல்லை.

ஆனால் சான்ட்ரோவுக்கு அந்த விசாரணைகூடத் தேவைப்படவில்லை. இது கேன் இல்லாத வண்டி. ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னும் 14-ஆம் பின்னும் கேனுக்கு உரியவை. இந்த வண்டியில் ஸ்கேனர் பேசுவது 7-ஆம் பின் வழியாக, கே-லைன் என்ற ஒற்றை ஒயரில். போர்டைத் திருப்பிப் பார்த்தேன். 7-ஆம் பின் பித்தளையில் பளபளவென்று நிற்கிறது. அதிலிருந்து எந்தக் கோடும் எங்கேயும் போகவில்லை. மல்டிமீட்டரை பீப் வைத்து போர்டில் இருக்கிற எல்லாப் புள்ளியையும் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. அழகுக்கு வைத்த பின்.

அந்தக் கோடு இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கேன் பஸ்ஸில் ஏபிஎஸ், மீட்டர், எஞ்சின் என்று ஆளாளுக்கு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக உட்கார்ந்து ஒட்டுக்கேட்க முடியும். கே-லைன் அப்படி இல்லை. ஸ்கேனர் முறைப்படி எழுப்பி, கேள்வி கேட்டால்தான் இசியு பதில் சொல்லும். கேட்காவிட்டால் வாயே திறக்காது. ‘உங்கள் ஓட்டும் பழக்கத்தை 200 கிலோமீட்டரில் கற்றுக்கொள்ளும்’ என்று அட்டையில் எழுதியிருக்கிறதே, இந்த வண்டியில் அது கற்றுக்கொள்ளக் காதில் விழுவது வெறும் நிசப்தம்.

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஒய் கேபிள் போட்டு, ஒரு கிளையில் சிவப்புப் பெட்டி, மறு கிளையில் என்னுடைய ஈஎல்எம்327 ஸ்கேனர். 7-ஆம் பின்னில் மல்டிமீட்டர். முதலில் ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் அட்டையில் சொன்ன மாதிரியே சாவி போட்டு, பட்டனை ஐந்து விநாடி அழுத்தி, முப்பது விநாடி காத்திருந்து, எஞ்சினைக் கிளப்பினோம். எல்இடி மூன்றும் திருவிழா சீரியல் செட் மாதிரி கண்ணடித்தன. மீட்டரில் பேட்டரி வோல்டேஜ் அப்படியே நின்றது, அசைவே இல்லை. பிறகு ஸ்கேனரை இணைத்ததும் வோல்டேஜ் இறங்கித் தடுமாற ஆரம்பித்தது. பேச்சு நடந்தால் இப்படித்தான் இருக்கும்.

ஒரு கிளைச் செய்தி. 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பெட்டி எல்இடி எரிய ஏறக்குறைய 25 மில்லி ஆம்பியர் தின்கிறது. ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி. சான்ட்ரோவில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஊருக்குப் போய் ஒரு மாசம் வண்டியை நிறுத்தினால் பாதி பேட்டரியை எல்இடியே குடித்துவிடும். பதினெட்டு வயது வண்டியில் ஏற்கெனவே கசிகிற கரண்டோடு இதுவும் சேர்ந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது.

வேறு யாராவது நிஜமான டிரான்ஸ்சீவர் போட்டு, நிஜமான கே-லைன் கோடு போட்டு விற்றால்? அப்போதும் கஷ்டம்தான். ஓபிடி வழியாக எல்லா வண்டிக்கும் பொதுவாக இருப்பவை படிக்கிற கட்டளைகள்: ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு சூடு, எந்தக் கோளாறு பதிவாகியிருக்கிறது, பதிவை அழி. ஸ்பார்க் அட்டவணையை மாற்று என்று பொதுக் கட்டளை எதுவும் கிடையாது. ரீமேப் செய்பவர்கள் வண்டியை நிறுத்தி வைத்து, அந்தந்த இசியுவுக்கான பூட்டைத் திறந்து, மொத்தக் கோப்பையும் இறக்கி, திருத்தி, திரும்ப ஏற்றுகிறார்கள். ஓடுகிற வண்டியில், எந்தக் கம்பெனி இசியு என்றே தெரியாமல், கண்ணடித்துக்கொண்டே அந்த வேலையைச் செய்யும் பெட்டி அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்காது.

அப்படியானால் போட்டவர்கள் எல்லாம் பிக்கப் கூடிவிட்டது என்கிறார்களே? மைத்துனனே முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, “மாமா, சும்மா சொல்லக் கூடாது, ஜம்முனு போகுது” என்றான். காசு கொடுத்தவன் கால் கொஞ்சம் அழுத்தமாகத்தான் மிதிக்கும். அதைவிட முக்கியமானது அந்த 200 கிலோமீட்டர் நிபந்தனை. அதற்குள் டேங்க் ஒருமுறை தீர்ந்து, டயர் காற்று ஒருமுறை சரிபார்க்கப்பட்டு, பொருளைத் திருப்பி அனுப்பும் தேதியும் தாண்டிவிடும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் சாதனங்களைப் பரிசீலித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது என்று ஒன்றைக்கூட அது கண்டதில்லை.

அளக்காமல் பேசக் கூடாது என்பதற்காக ஓட்டியும் பார்த்தோம். விடியற்காலை, பைபாஸை ஒட்டிய ஆளில்லாத சமதளம், ஏசி அணைத்து, மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை. ஸ்பீடோமீட்டரை போனில் வீடியோ எடுத்து, பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி நேரம் குறித்தோம். கே-லைனில் ஸ்கேனர் ஒரு விநாடிக்குச் சில அளவுகளைத்தான் தரும் என்பதால் அதன் நேரத்தை நம்ப முடியாது. காற்றின் திசை கணக்கைக் கெடுக்காமல் இருக்கப் போகவும் வரவும் இரண்டு திசையிலும் ஓட்டம். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து விநாடிக்கு மேல், பதினொன்றுக்குள். ஒரே நிலையில் ஓட்டிய இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இதிலும் இருந்தது.

அடுத்தது கறுப்பு ட்யூப். இது கொஞ்சம் சுவாரஸ்யமான ஆசாமி, ஏனென்றால் இது நிஜமாகவே ஏதோ செய்கிறது.

பிளேடால் கீறினால் உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர். மஞ்சள், ஊதா, சிவப்பு. 4.7 கிலோ ஓம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு ரூபாய் கொடுத்தால் மீதிச் சில்லறை கேட்கலாம். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற வகை. பொதுவாகப் புழங்கும் சென்சார்களில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 0 டிகிரியில் 6 கிலோ ஓமுக்குக் கிட்டே. சென்சாரைக் கழற்றிவிட்டு 4.7 கிலோ ஓமைக் கொடுத்தால், உள்ளே வருகிற காற்று ஏறக்குறைய 5 டிகிரியில் இருக்கிறது என்று இசியு நம்பும். சித்திரை வெயிலில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில், 5 டிகிரி!

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அடர்த்தியான காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். சான்ட்ரோ உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால் பொய் நேராகக் கணக்கில் ஏறும். நிஜத்தில் 36 டிகிரி, இசியு நம்புவது 5 டிகிரி என்றால் சுமார் 11 சதவீதம் கூடுதல் பெட்ரோல். விற்பவன் சொல்வதும் இதுவரை உண்மைதான். அதிகப் பெட்ரோல் ஆகவே அதிக பவர் என்ற அடுத்த தாவலில்தான் ஆள் கீழே விழுகிறான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் பவரைத் தீர்மானிப்பது காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றை யார் ஊற்றுவது?

சைலன்ஸர் வழியில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று காவலுக்கு நிற்கிறது. பெட்ரோல் கூடிக் கலவை கெட்டியானால் அது உடனே இசியுவிடம் சொல்லும், இசியு பெட்ரோலைக் குறைக்கும். அந்தத் திருத்தத்தின் அளவை ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் என்று பார்க்கலாம். ரெசிஸ்டர் போடுவதற்கு முன்னால் இந்த வண்டியின் நீண்டகால ட்ரிம் கூட்டல் 7, 8 என்று இருந்தது. அதில் பெரும்பங்குக்குக் காரணம் இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால். சுத்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். 2007-இல் எழுதிய அட்டவணைக்கு இது தெரியாது. ஆக்சிஜன் சென்சார்தான் கண்டுபிடித்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் விழுந்ததில் ஒரு பகுதிக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீத மைலேஜ் இழப்பு வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். எந்த சிப்பாலும் எத்தனாலுக்குள் இல்லாத எரிசக்தியை வரவழைக்க முடியாது.

ரெசிஸ்டரைக் கோத்து ஓட்டினோம். குறுகியகால ட்ரிம் உடனே கீழே பாய்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் நீண்டகால ட்ரிம் கழித்தல் 3 பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து, பதினொரு சதவீதம் கூடக் கொடுத்தான் ரெசிஸ்டர்காரன். அதே அளவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது இசியு. நிகர லாபம் பூஜ்யம்.

விவரம் தெரிந்த ஒருவர் இங்கே மடக்கலாம்: முழு ஆக்ஸிலரேட்டரில் இசியு ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்காதே, அப்போது ரெசிஸ்டர் வேலை செய்யாதா? நியாயமான கேள்வி. ஆனால் பல இசியுக்கள் நீண்டகால ட்ரிம்மை முழு ஆக்ஸிலரேட்டர் கணக்கிலும் சேர்த்தே போடும். எங்கள் ஓட்ட நேரத்தில் மாற்றம் இல்லாததைப் பார்த்தால் இதுவும் அந்த ரகம்தான் போலிருக்கிறது. அப்படிச் சேர்க்காத வண்டியாக இருந்தாலும், முழு ஆக்ஸிலரேட்டருக்கான கலவையைக் கம்பெனிக்காரன் ஏற்கெனவே பவர் அதிகம் கிடைக்கும் கெட்டிப் பக்கத்தில்தான் வைத்திருப்பான். அதற்கு மேல் 11 சதவீதம் ஊற்றினால் பவர் இறங்கத்தான் வாய்ப்பு.

ரெசிஸ்டரின் உருப்படியான விளைவு காலையில் தெரிந்தது. ஆக்சிஜன் சென்சார் சூடேறி வேலைக்கு வரும்வரை திருத்துவதற்கு ஆள் இல்லை. அந்த நேரம் முழுக்க வண்டி கெட்டிக் கலவையில் ஓடுகிறது. வீட்டு வாசலில் பச்சைப் பெட்ரோல் வாடை. சைலன்ஸர் வாயில் விரலை விட்டால் கரி. எரியாத பெட்ரோல் போய்ச் சேரும் இடம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அங்கே எரிந்து அதைச் சூடாக்கும், நாளடைவில் அடைக்கும். அப்புறம் நிஜமாகவே வண்டி இழுக்காது. இதில் வேடிக்கை, புகைச் சான்றிதழில் இது சிக்காது. சூடான எஞ்சினில்தான் சோதிக்கிறார்கள், அதற்குள் திருத்தம் நடந்திருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று சூடாக இருந்தால் இசியு ஸ்பார்க்கைக் கொஞ்சம் பின்தள்ளி, கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வராமல் பார்த்துக்கொள்ளும். 5 டிகிரி என்று நம்ப வைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. மத்தியான வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி, ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினேன். நாக்கிங் கேட்கவில்லை. எத்தனாலுக்கு இங்கே ஒரு நல்ல குணம்: ஆக்டேன் அதிகம். ஆனால் பிஸ்டன் தலையில் கரி ஏறிய இன்னொரு பழைய எஞ்சினும் இப்படியே தப்பிக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். இறங்கியதும் ரெசிஸ்டரை வெட்டி எடுத்துவிட்டு, ஒயரைப் பழையபடி சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன்.

சிறுமலையில் ஏறும்போதுதான் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. மேலே போய் நிறுத்தி இறங்கினால் இடது முன் சக்கரத்திலிருந்து அனல் அடிக்கிறது. வலது பக்கம் சும்மா வெதுவெதுப்புதான். இறக்கத்தில் இரண்டு பக்கமும் பிரேக் பிடித்துச் சூடாவது சகஜம். ஏற்றத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏன் சூடாகிறது?

வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். அண்ணன் சக்கரத்தை ஒற்றைக் கையால் சுற்ற முயன்றார், அரைச் சுற்றுகூடப் போகவில்லை. “தம்பி, பாதி பிரேக்க மிதிச்சிக்கிட்டே வண்டி ஓட்டிருக்கீங்க. எஞ்சின் பாவம் என்ன பண்ணும்?” பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கைடு பின் காய்ந்து, துருவில் பிடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. பின்னைத் தேய்த்து, புது பூட் போட்டு, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் பூசியதும் சக்கரம் தட்டிவிட்டால் தானாகச் சுற்றியது. பிரேக் பேடு ஒரு பக்கம் ஒல்லியாகத் தேய்ந்திருந்ததால் செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

தூக்கிய வண்டியை அப்படியே விடவில்லை. பிளக்குகளைக் கழற்றினால் நாலிலும் முனை தேய்ந்து இடைவெளி கூடியிருந்தது. பிளக் வயர்களை ஓம் மீட்டரில் வைத்ததில் மூன்று ஒரு மாதிரி அளவு காட்ட, மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் எங்கேயோ நின்றது. வளைத்தால் அளவு மாறியது. ஐடிலிங்கில் ஓடும்போது பிளக் வயர் மேல் தண்ணீர் ஸ்ப்ரே செய்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்; ஒயர் கசிந்தால் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். எங்களுக்கும் தெரிந்தது. (கையை வைக்காதீர்கள். அண்ணன் கடைப் பையன் வைத்துவிட்டு ஓரடி குதித்தான்.) லோடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாவுவதும் சிரமமாகும், அப்போது பலவீனமான ஒயர் கைவிடும். ஏசி போட்டு மேடு ஏறும்போது மட்டும் இழுக்காததன் மர்மம் இதில் பாதி, காலிப்பரில் மீதி.

த்ராட்டில் பாடியில் கரி வளையம். கிளீனர் போட்டுத் துடைத்தோம். ஏர் ஃபில்டரும் மாற்றினோம், ஆனால் அதனால் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதிரி எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது இசியு கணக்குப் போட்டுப் பெட்ரோல் பீய்ச்சும் வண்டியில், அழுத்த சென்சார் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் பின்னால் இருக்கிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோலும் அதே அளவு குறையும். முழு ஆக்ஸிலரேட்டரில் மட்டும் பவர் போகும். அழுக்கு ஃபில்டர் பெட்ரோல் குடிக்கும் என்ற பேச்சு கார்புரேட்டர் காலத்தது. கம்ப்ரெஷன் பார்த்ததில் நாலும் ஏறக்குறைய சமம், ஆகவே எஞ்சினுக்குள் கைவைக்க வேண்டியதில்லை.

மொத்தச் செலவு கூலியோடு மூவாயிரத்துச் சொச்சம். அதே சாலை, அதே விடியற்காலை, அதே மூன்றாவது கியர்: 40-லிருந்து 80 இப்போது பத்து விநாடிக்குள் வருகிறது. பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வருகிறது. சிப்பின் ‘ஜம்’ மாதிரி ஆளைப் பொறுத்து மாறவில்லை. சிறுமலையில் ஏசியை அணைக்காமல் ஏறினான். நிஜமான ரீமேப் செய்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் நல்ல கைக்காரர் செய்தாலும் ஐந்து, ஆறு சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. 63-இல் அது மூன்று, நாலு குதிரைத்திறன். மாட்டிக்கொண்ட ஒரு கைடு பின் அதைவிட அதிகம் தின்றுகொண்டிருந்திருக்கும்.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், “உங்க பெட்ரோல் கதை சரி, என் டீசல்ல சிப் போட்டேன், பறக்குதே” என்றார். அவருடையது 2008 ஸ்விஃப்ட் டிடிஐஎஸ். 1248 சிசி, காமன் ரெயில், டர்போ. 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். அவர் சொன்னது உண்மை. டீசலில் மலிவுப் பெட்டியும் பவரைக் கூட்டும். என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், ஆனால் மறைப்பதற்கில்லை.

டீசல் எஞ்சினில் பெரும்பாலான நேரம் தேவைக்கு மேலேயே காற்று இருக்கும். டீசலைக் கூட்டினால் பவர் கூடும். காற்று பத்தாத இடம் வரும்வரை. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்தான் ரெயில். அவர் வண்டியில் இருந்த பெட்டி அந்த ரெயிலின் பிரஷர் சென்சார் ஒயரில் நடுவே உட்கார்ந்துகொண்டு, சென்சார் கொடுக்கும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து இசியுவுக்கு அனுப்புகிறது. ரெயிலில் 1100 பார் இருந்தால் 1000 என்று காட்டும். பத்தவில்லையே என்று இசியு பம்ப்பை இன்னும் அழுத்தச் சொல்லும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான், ஆனால் பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் அதிகம். அழுத்தம் 10 சதவீதம் கூடினால் போகிற டீசல் சுமார் 5 சதவீதம் கூடும். பெட்ரோல் வண்டி மாதிரி இதைத் தட்டிக்கேட்டுச் சமன்படுத்த ஆக்சிஜன் சென்சாரும் இந்த வண்டியில் இல்லை. பொய் அப்படியே நின்றுவிடும்.

பெட்டியைத் திறந்தால் சில ரெசிஸ்டர்களும் அளவைக் கூட்டக் குறைக்க ஒரு திருகும். எந்த ஆர்பிஎம், எவ்வளவு பூஸ்ட் என்று எதுவும் அதற்குத் தெரியாது. 1500 ஆர்பிஎம்மில் டர்போ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அதே அளவு பொய். அங்கேதான் பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை. இந்த வயது டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது; திருகை முழுக்கத் திருப்பி வைத்தால் அதில் தேறுவது கஷ்டம். இந்த மாதிரி மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை என்பதும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான் என்பதும் நண்பருக்குப் புதுச் செய்தி.

அவர் வண்டியில் ஸ்கேனர் போட்டு ஒரு சுற்று ஓட்டினோம். நாலாவது கியரில் மேட்டில் அழுத்தினால் ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறுகிறது, ஸ்பீடோமீட்டர் முள் கூடவே வரவில்லை. அவர் பவர் என்று நினைத்த சத்தத்தில் பாதி கிளட்ச் வழுக்குவது. லட்சத்து எண்பதாயிரம் ஓடிய பழைய கிளட்ச். கூடுதல் டார்க்கை அது தாங்கவில்லை. கிளட்ச் போகட்டும், மாற்றிவிடலாம். இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும் தேய்ந்திருக்கும் வண்டியில் அவற்றின் மேலேயே கூடுதல் அழுத்தம் வைக்கிறது இந்தப் பெட்டி. ஒரு இன்ஜெக்டர் விலைக்குப் பத்து பெட்டி வாங்கலாம். காசு இருந்து, கிளட்ச்சும் டர்போவும் இன்ஜெக்டரும் நல்ல நிலையில் இருந்தால், பவரை அளக்கும் டைனோ வைத்திருக்கும் கடையில் முறையான ரீமேப் செய்துகொள்ளுங்கள் என்றேன். டர்போ டீசலில் 20 சதவீதத்துக்கு மேல் கிடைப்பது அங்கே சாதாரணம், புகைக்கும் சூட்டுக்கும் எல்லையும் வைத்து எழுதுவார்கள். நண்பர் கேட்டுக்கொண்டார். பெட்டியின் திருகைக் கால்வாசிக்கு இறக்கி வைத்துக்கொண்டு இன்னும் அதோடுதான் ஓட்டுகிறார்.

சான்ட்ரோவுக்கு வருகிறேன். ஓபிடி பெட்டியிலிருந்து ரெகுலேட்டரையும் எல்இடியையும் பிரித்து எடுத்தாயிற்று. அந்த 16 பின் பிளக் மட்டும் உருப்படியான பொருள், பிளக்கைத் தனியாக வாங்கினாலே நூறு ரூபாய் ஆகும். அதில் ஒயர் இழுத்து, ஸ்கேனர் இல்லாமலே பின்களில் வோல்டேஜ் பார்க்க ஒரு சோதனைக் கேபிள் செய்திருக்கிறேன். ஆக்சிஜன் சென்சார் கொஞ்சம் சோம்பலாகத்தான் ஏறி இறங்குகிறது. அடுத்த எஃப்.சி. 2027-இல், அதற்குள் அதையும், வலது பக்கக் காலிப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும்.